அத்தியாயம் 6: பங்கில் பாட வருகிறவருக்கு

வேலூர், ஆம்பூர்ப் பக்கம் எந்தப் பங்கில் விசாரித்தாலும் பாடற்குழுவுக்கு ஆள் போதவில்லை என்றுதான் சொல்வார்கள். ஞாயிறு காலைப் பூசையில் மைக்கைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நிற்பதைப் பார்த்தவருக்கு இது நம்பும்படியாக இருக்காது. அதே பதினைந்து பேரைச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணித் திருப்பலியில் தேடிப் பாருங்கள். புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஓர் அடக்கப் பூசை வந்தால் தேடிப் பாருங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் அந்த நேரத்தில் பாடத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் இருப்பார்கள். மீதிப் பேர் டேனரியில், பள்ளிக்கூடத்தில், கல்லூரியில். ஆகவே பாட வருகிறவர் தம் குரல் எப்படி என்று யோசிக்கும் முன், வாரத்தில் எந்த நேரம் தமக்குச் சொந்தம் என்று யோசிப்பது நல்லது. பங்குக்குத் தேவை அந்த நேரம்தான்.

யாரைப் போய்ப் பார்ப்பது

பங்குத்தந்தையிடம் சொல்வது முறை. சொன்னால் அவர் மகிழ்ச்சியோடு "மாஸ்டரைப் பாருங்க" என்பார். மாஸ்டர் என்பவர் பெரும்பாலும் கீபோர்டு வாசிப்பவர். சில பங்குகளில் மடத்து சிஸ்டர் ஒருவர் குழுவை நடத்துவார். கிளைக் கிராமங்களில் உபதேசியார். இவர்களைப் பிடிக்க நல்ல நேரம் ஞாயிறு பூசை முடிந்து ஒயர் சுற்றும் நேரம். சும்மா போய் நிற்காமல் ஒரு ஒயரை எடுத்து நீங்களும் சுற்றுங்கள்.

"அண்ணே, நானும் பாட வரலாமா?"

"எந்த அன்பியம்மா நீ?"

இந்தக் கேள்விதான் முதலில் வரும். குரல் சோதனை எல்லாம் பின்னால், பல பங்குகளில் அதுவும் கிடையாது. யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு, வேலைக்குப் போகிறதா படிக்கிறதா என்று தெரிந்துகொண்டு, "வெள்ளிக்கிழமை ஏழரைக்கு வா, பஸ் வந்துடுமா?" என்று கேட்பார்கள். கல்யாணமாகி வேறு பங்கிலிருந்து வந்த பெண்கள் கொஞ்சம் தயங்குவார்கள். மாமியார் வீட்டு அன்பியக் கூட்டத்தில் இரண்டு முறை பாட்டெடுத்துக் கொடுத்தால் போதும், அழைப்பு தானாக வரும்.

சேர்ந்த முதல் சில வாரங்களுக்கு மைக் பக்கம் போக வேண்டாம். நிலையான குரல் உள்ள ஒருவர் அருகில் நின்று, அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கவனியுங்கள். கோட்டு நோட்டு ஒன்று வாங்கிப் பாடல் வரிகளைக் கையால் எழுதுங்கள். போனில் பார்த்துப் பாடுகிறவருக்கு வரி மனதில் நிற்பதில்லை. பாட்டின் நடுவில் போன் அழைப்பு வந்தால் வரியே மறைந்துவிடும்.

ஷிப்டும் வார விடுமுறையும்

இந்தப் பகுதியில் பாடற்குழு நடத்துவது மற்ற ஊர்களைப் போல இல்லை. ஷூ கம்பெனிகளில் பெண்கள் அதிகம். கம்பெனி பஸ் இறக்கிவிட்ட பிறகு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தான் அவர்கள் கோவிலுக்கு வர முடியும். ஏற்றுமதிக்குச் சரக்கு போகும் வாரத்தில் ஓ.டி. போட்டுவிட்டால் அதுவும் இல்லை. ஒத்திகைக்கு வராதவரை ஞாயிறன்று பாட விடமாட்டோம் என்று சட்டம் போடும் குழுக்கள் இங்கே சீக்கிரம் கலைந்துபோகும். ஒத்திகையில் எடுத்த பாடலை ஒருவர் போனில் பதிந்து குழுவுக்கு அனுப்பிவிட்டால், ஓ.டி. முடித்து வருகிறவர் பஸ்ஸில் கேட்டுக்கொள்வார்.

தோல் பட்டறைகளில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை விடுகிறவையும் உண்டு. முதலாளிகளில் முஸ்லிம்கள் நிறைய. அங்கே வேலை செய்பவருக்கு ஞாயிறு வேலை நாள். "ஞாயித்துக்கிழமை லீவு இல்ல சாமி, நான் எப்படிப் பாடறது?" என்று ஒதுங்கிக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். ஒதுங்க வேண்டியதில்லை. சனி மாலைத் திருப்பலி ஞாயிறுக் கடனுக்குச் சேரும். பல பங்குகளில் ஞாயிறு மாலையிலும் பூசை உண்டு. அதைவிட, தவக்காலத்தில் ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப்பாதை. மாதந்தோறும் முதல் வெள்ளிப் பூசை, ஆராதனை. ஞாயிறுக் குழுவினர் கம்பெனியில் மாட்டிக்கொண்டிருக்கும் நாட்கள் அவை. வெள்ளி விடுமுறைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் அந்தப் பங்கின் சிலுவைப்பாதையையே தூக்கி நிறுத்திவிடலாம்.

குரல் பற்றி ஒரு வார்த்தை. பஃபிங் பிரிவின் தூசி, ஒட்டும் பிரிவின் சொலியூஷன் வாடை, எல்லாவற்றுக்கும் மேல் மெஷின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திப் பேசுவது, எல்லாம் சேர்ந்து சாயங்காலத்துக்குள் தொண்டையைத் தேய்த்துவிடும். வேலை நாள் ஒத்திகையில் உச்ச ஸ்தாயிப் பாட்டைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டாம். முதல் பத்து நிமிடம் வாயை மூடி மெல்ல முனகுங்கள், பிறகு பாதிக் குரலில் பாடுங்கள். முழுக்குரலை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

என் அபிப்பிராயம் இது: ஞாயிறு எட்டு மணிப் பூசையில் தொடங்காதீர்கள். அங்கே ஏற்கெனவே குழு இருக்கிறது. வாரநாள் காலைப் பூசையில் தொடங்குங்கள். கீபோர்டு இருக்காது, இருபது முப்பது பேர், பெரும்பாலும் வயதானவர்கள். ஒருவர் பாட்டெடுத்தால் மற்றவர்கள் பின்னால் வந்துவிடுவார்கள். சுருதி நீங்கள் பிடித்ததுதான். தவறினால் ஒரு பாட்டியம்மா தன் குரலால் உங்களை இழுத்து வந்து சரியான இடத்தில் விட்டுவிடுவார். நற்கருணை ஆசீரில் லத்தீன் 'தாந்தும் எர்கோ'வை ஏட்டைப் பார்க்காமல் பாடத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சில பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து கேட்டுப் பாடம் பண்ணிக்கொள்ள வாரநாள் பூசை நல்ல இடம்.

அடுத்தது கிளைக் கிராமங்கள். வட ஆற்காட்டுக் கத்தோலிக்கம் கிராமத்தில் வேர்விட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சேத்துப்பட்டை மையமாக வைத்துத் தாராஸ் சாமியார் ஊர் ஊராகப் போய் எழுப்பிய சபைகள் அவை; பின்னால் சலேசியர்கள் வந்தார்கள், 1952இல் வேலூர் தனி மறைமாவட்டமானது. அந்தக் கிராமங்களில் பல இடங்களில் இன்றும் சாமியார் வாரம் ஒருமுறையோ இருமுறையோதான் வருவார். மற்ற நாட்களில் உபதேசியாரும் பெண்களும் சேர்ந்து செபமாலை சொல்லிப் பாடிக்கொள்வார்கள். வாத்தியம் கிடையாது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த நாற்பது ஐம்பது பாட்டு, தலைமுறையாக வாய்வழியே வந்தவை. அவர்கள் பாடும் மெட்டு கேசட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் மாறியிருக்கும். அதைத் திருத்தப் போகாதீர்கள்.

அடக்கப் பூசை தனியாகச் சொல்ல வேண்டியது. பகலில் வரும், முன்னறிவிப்பு சில மணி நேரம்தான், குழுவில் முக்கால்வாசிப் பேர் வேலையில். ஓய்வு பெற்றவர்கள், இரவு ஷிப்ட் முடித்தவர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள் ஐந்தாறு பேர் ஒரு பட்டியல் போட்டு வைத்துக்கொண்டால் பங்குக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. வீட்டில் செபத்தின்போது இரண்டு பாட்டு, கோவிலில் பூசைக்கு நாலைந்து, கல்லறையில் ஒன்று போதும். ஊரே அறிந்த பாட்டாக இருக்கட்டும். புதுப்பாட்டை அரங்கேற்றும் இடம் அது இல்லை. பதிலுரைப் பாடலுக்குத் திருப்பாடல் 23 அல்லது 130. சுருதியை வழக்கத்தைவிட ஒரு கட்டை இறக்குங்கள், அழுதுகொண்டிருப்பவர்களும் சேர்ந்துகொள்ள முடியும். வாசல் வரை பேண்டும் பறையும் வரும். உடல் கோவிலுக்குள் நுழையும்போது அவை நிற்கும், அந்த இடத்தில் இடைவெளி விடாமல் உங்கள் பாட்டு தொடங்க வேண்டும். ஒருவர் வாசலிலேயே நின்று உள்ளே இருப்பவர்களுக்குக் கையசைத்தால் இது சரியாக நடக்கும்.

எது பாட்டு, எது பாட்டுக்கு மேல்

பங்கின் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் வருகைப் பாடல், தியானப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல், நன்றிப் பாடல், மாதா பாடல் என்று வரிசையாக இருக்கும். ஒத்திகை நேரம் முழுக்க இவற்றுக்கே போய்விடுகிறது. ஆனால் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1967 மார்ச்சில் வெளிவந்த 'மூசிக்காம் சாக்ராம்' என்ற அறிவுரை வேறு வரிசை சொல்கிறது. முதல் படியில் குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்லும் வாழ்த்துரைகள், நற்செய்திக்கு முன்னும் பின்னும் வரும் ஆர்ப்பரிப்பு, தொடக்கவுரையின் உரையாடல், தூயவர், பரலோக மந்திரம். இரண்டாம் படியில் ஆண்டவரே இரக்கமாயிரும், உன்னதங்களிலே, உலகின் பாவம் போக்கும் ஆகியவை. வருகை, காணிக்கை, திருவிருந்துப் பாடல்கள் மூன்றாம் படி. முதல் படி இல்லாமல் மற்ற இரண்டும் கூடாது என்றும் அது சொல்கிறது. நம் கோவில்களில் இது தலைகீழ். காணிக்கைப் பாட்டுக்கு மூன்று சரணம், தூயவரோ மளமளவென்று வாசித்து முடித்தாயிற்று.

புதிதாகச் சேர்ந்தவர் இதைச் சொல்லிச் சண்டை போட முடியாது, போடவும் வேண்டாம். ஆனால் தூயவர் ஒரே மெட்டில் ஒரு வருடம் ஓடட்டும் என்று மாஸ்டரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தால்தான் கடைசி பெஞ்சில் நிற்கும் ஆண்கள் வாயைத் திறப்பார்கள். தூயவருக்கோ உன்னதங்களிலேவுக்கோ பதிலாக வேறு வார்த்தைகளில் எழுதிய பாட்டைப் பாடுவது விதிப்படி கூடாது; மெட்டை மாற்றலாம், சொற்களை மாற்றக் கூடாது.

பதிலுரைத் திருப்பாடலுக்கும் அதே விதி. முதல் வாசகத்துக்கு மறுமொழியாக வருவது அது. அதன் இடத்தில் ஒரு தியானப் பாடலைப் போடும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. காரணம் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது: ஒவ்வொரு ஞாயிறுக்கும் வெவ்வேறு திருப்பாடல், மூன்று ஆண்டுச் சுழற்சி, அத்தனைக்கும் மெட்டுக்கு எங்கே போவது? மெட்டு வேண்டாம், ஒரு சூத்திரம் போதும். மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணியின் முதல் அடியையும் பஞ்சமத்திலேயே பேசுவது போல ஓட்டி, கடைசி இரண்டு அசைகளை த, ப என்று முடியுங்கள். இரண்டாம் அடியைக் காந்தாரத்தில் ஓட்டி, கடைசி இரண்டு அசைகளை ரி, ச என்று இறக்குங்கள். அடி நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும் பொருந்தும். தாளம் தேவையில்லை, வாசிக்கும் வேகம்தான் தாளம். மக்கள் பாடும் பல்லவிக்கு மட்டும் நாலு எண்ணிக்கைக்குள் அடங்கும் எளிய மெட்டு ஒன்று. அதை முதலில் ஒருவர் பாடிக்காட்டி, கையை உயர்த்தி மக்களை அழைக்க வேண்டும். சொற்களைத் திருவிவிலியத்திலிருந்து எடுக்காமல் வாசக நூலில் உள்ளபடியே எடுங்கள். எந்தக் கண்ணிகள் என்று அதில்தான் பிரித்திருக்கும்.

எந்த ஆண்டு என்பதைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு: ஆண்டை 3ஆல் வகுத்து மீதி 1 வந்தால் முதல் ஆண்டு, 2 வந்தால் இரண்டாம் ஆண்டு, மீதியே இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டு. 2026ஐ வகுத்தால் மீதி 1. ஆனால் திருவழிபாட்டு ஆண்டு நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ வரும் திருவருகைக் கால முதல் ஞாயிறன்றே பிறந்துவிடும், அதை மறந்துவிட வேண்டாம்.

சுருதி

மக்கள் பாடாமல் நிற்பதற்குப் பக்தியைக் காரணம் காட்டுவார்கள். பெரும்பாலும் காரணம் சுருதி. இன்று நாம் பாடும் பாட்டுகள் ஸ்டுடியோவில் பயிற்சி பெற்ற பாடகர்கள் பாடிப் பதிவானவை. அதே கட்டையில் கோவிலில் எடுத்தால் சரணத்தின் இரண்டாம் வரியிலேயே சபை நின்றுவிடும். அதன் பிறகு பாடுவது குழுவும் ஸ்பீக்கரும்தான். பயிற்சியில்லாத குரல்களுக்குக் கீழே ஏ முதல் மேலே டி வரை சௌகரியமான எல்லை. ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். பாட்டின் மிக உயர்ந்த ஸ்வரம் டியைத் தாண்டினால் முழுப் பாட்டையும் இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இதற்குத்தான் இருக்கிறது. காலை ஆறு மணிப் பூசைக்கு இன்னும் அரைக் கட்டை.

சோதனை இது: கடைசிச் சரணம் முடிந்து பல்லவி திரும்பும்போது மைக்கை எல்லாம் அணைத்துவிடுங்கள். கோவில் பாடிக்கொண்டிருந்தால் சுருதி சரி. மௌனமானால் அடுத்த வாரம் இறக்குங்கள். மாஸ்டருக்கு இதில் சம்மதம் வர நாளாகும், ஏனென்றால் உயர்ந்த சுருதியில் கீபோர்டு நன்றாக ஒலிக்கும். குழுவில் நன்றாகப் பாடும் தங்கைக்கும் அதுதான் பிடிக்கும்.

வாத்தியங்கள்

பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22 அன்று, புனித செசிலியாள் திருநாளில், வெளியிட்ட ஆணையில் பியானோவுக்கும் டிரம்முக்கும் கோவிலில் தடை. பாடகர் குழுவில் பெண்கள் சேரவும் அதில் இடமில்லை. மேல்குரல் வேண்டுமானால் சிறுவர்களைப் பாட வைக்கச் சொன்னது. பெண்களுக்கான அந்தக் கதவு 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதரின் சுற்றுமடலால் ஓரளவு திறந்தது. பிறகு 1963 டிசம்பர் 4 அன்று வந்த வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்புக் கொடுக்கச் சொன்னது. ஆர்கனுக்கு முதலிடம் தந்து, வழிபாட்டுக்குப் பொருந்தும் மற்ற வாத்தியங்களையும் அனுமதித்தது. இன்றைக்கு ஆம்பூரில் கீபோர்டும் பேடும் முழங்க, குழுவில் பத்துக்கு எட்டுப் பேர் பெண்களாக இருப்பதை 1903இல் ரோமாபுரியில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவருக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: ஸ்டைல் பட்டனைத் தொடாதீர்கள். தானாக ஓடும் தாளம் குருவுக்காகக் காத்திருக்காது, காணிக்கை ஊர்வலம் பாதியில் நின்றாலும் நிற்காது. மைனஸ் ஒன் டிராக்கைப் போட்டுப் பாடுவதும் இப்போது பரவியிருக்கிறது. தானியங்கி வாத்தியங்களையும் ஒலிப்பதிவுகளையும் திருவழிபாட்டில் பயன்படுத்தக் கூடாது என்று 1958லேயே ரோமிலிருந்து ஆணை வந்துவிட்டது. வாசிக்க ஆள் இல்லாவிட்டால் வாத்தியமில்லாமல் பாடலாம், அதில் குறையில்லை.

தபேலா, மிருதங்கம், பறை. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயத்தை நினைவூட்ட வேண்டியிருக்கிறது: டேனரியில் வேலை செய்பவரிடம் சொன்னால் தபேலாவுக்குத் தோல் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் ஷூவுக்கு ஆகும். இழுத்துக் கட்டினால் நாதம் வராது. மேளத்துக்கு வேண்டியது பதனிடாத பச்சைத்தோல், மயிர் நீக்கி உலர்த்தியது. அதனால்தான் அது ஈரத்துக்கு அப்படித் தளர்கிறது. ஐப்பசி மழையில் தபேலாவைத் துணி சுற்றி உயரத்தில் வையுங்கள். பறையைத் திருவிழாவுக்கு முன் அனலில் காட்டுவதும் இதற்காகத்தான். மிருதங்கம் செய்யும் குடும்பங்களில் பல தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள், டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' அவர்களைப் பற்றியது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து அந்த வரிசையில் வந்தவர். பாடற்குழு நடத்துகிறவர்கள் படிக்க வேண்டிய புத்தகம்.

பறையைக் கோவிலுக்குள் கொண்டுவரலாமா என்ற கேள்வி இங்கே ஓயாது. சாவு மேளத்தைப் பீடத்தின் முன் அடிப்பதா என்று ஒரு தரப்பு. எங்கள் தாத்தாவை அடிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்திய கருவி, எங்களுக்கு அது வேண்டாம் என்று இன்னொரு தரப்பு. அதே கருவியை நாங்கள் பெருமையாக எடுத்து அடிப்போம் என்று இளைஞர்கள். மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று எல்லோரும் அழைத்தவர், சீர்திருத்த சபை வழிபாட்டில் நாட்டுப்புற மெட்டையும் பறையையும் எடுத்துக் கையாண்டார். பங்கில் முடிவெடுப்பது சாமியாரும் பேரவையும். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: பறை அடிக்கும் பையன்களைத் தேர்பவனிக்கு மட்டும் கூப்பிட்டுக் கூலி கொடுத்து அனுப்புகிறார்களா, ஒத்திகைக்கும் கூப்பிட்டுக் குழுவோடு உட்கார வைக்கிறார்களா? முதலாவது நடக்கும் பங்கில் பறையை உள்ளே கொண்டுவருவதில் அர்த்தம் இல்லை.

காலங்கள், திருவிழா

திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும் ஞாயிறுகளில் உன்னதங்களிலே கிடையாது. அல்லேலூயா தவக்காலத்தில் மட்டும் கிடையாது. அதற்குப் பதிலாக வேறு வாழ்த்தொலி. தவக்காலத்தில் வாத்தியம் பாட்டைத் தாங்குவதற்கு மட்டுமே. தனியாக வாசிக்கக் கூடாது, நாலாம் ஞாயிறும் பெருவிழாக்களும் விலக்கு. பெரிய வியாழன் உன்னதங்களிலே பாடும்போது மணிகள் ஒலித்து ஓயும். பாஸ்கா இரவின் உன்னதங்களிலே வரை மீண்டும் ஒலிக்காது. அந்த இரண்டு இடங்களும் குழுவுக்குப் பரீட்சை. பாஸ்கா இரவில் இருட்டில் தொடங்கி நீண்ட வாசகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திருப்பாடல். மேலே சொன்ன மோகனச் சூத்திரம் கையில் இருந்தால் பதறத் தேவையில்லை.

ஆகஸ்ட் 15 விண்ணேற்பு அன்னையின் பெருவிழா, வேலூர்ப் பேராலயத்தின் திருநாள். சுதந்திர தினம் என்பதால் கம்பெனி, டேனரி, பள்ளி எல்லாம் விடுமுறை. ஆண்டு முழுவதும் ஆள் தேடித் தவிக்கும் குழுக்கள் அன்றைக்குத்தான் முழுமையாக நிற்க முடியும். புதியவர்களை முதன்முதலாக மைக் முன் நிறுத்த நல்ல நாள்.

தேர்பவனியில் பாடுவது வேறு வித்தை. ஜெனரேட்டர் சத்தம், பட்டாசு, முன்னால் பேண்ட். நீண்ட பாட்டு எடுபடாது. ஒரு வரி, அதற்கு ஒரு வரி பதில் என்ற அமைப்பில் உள்ளவற்றை எடுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கிறது. கொடியேற்றத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் அனுமதிக் கடிதம் கொடுத்துவிட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் போன்ற ஊர்களில் தேர் போகும் வழியில் பள்ளிவாசல் இல்லாமல் இருக்காது. அதைக் கடக்கும் வரை பேண்டையும் மைக்கையும் நிறுத்திவிடுங்கள். தொழுகை நேரத்தை முன்கூட்டியே விசாரித்துப் புறப்படும் நேரத்தை மாற்றுவது அதைவிட நல்லது. டிசம்பர் கேரல் சுற்றுக்கும் இதே கணக்கு. ஆம்பூரில் லுத்தரன் சபையினர் பலர். வீடு வீடாகப் போகும்போது அவர்கள் வீட்டுக்கும் கூப்பிடுவார்கள். அங்கே தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளில் ஒன்றை எடுத்தால் வீட்டுப் பெரியவர்கள் உங்களைவிட நன்றாகப் பாடுவார்கள்.

பிள்ளைகள், பணம், யூடியூப்

சிறுவர் குழுவுக்கு ஒத்திகை எடுப்பதானால் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். தெரிந்த பங்குதானே என்று இதில் தளர்வு காட்டக் கூடாது.

ஞாயிறுப் பூசைக்கு யாரும் பணம் வாங்குவதில்லை. கல்யாணத்துக்குக் கொடுப்பார்கள். கீபோர்டுக்காரர் கையில் உறையைத் திணிக்கும் வழக்கம் பல குழுக்களில் மனக்கசப்பை உண்டாக்கியிருக்கிறது. தொகையைப் பங்குப் பேரவை முன்கூட்டியே முடிவு செய்து, அலுவலகத்தில் வாங்கி, குழுவின் பெயரில் வரவு வைத்தால் வம்பில்லை. வாசிக்கும் வேலையையே பிழைப்பாகக் கொண்டவருக்கு அதிலிருந்து உரியதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

முறையாகக் கற்க விரும்புகிறவருக்கு: திருச்சியில் 1977 முதல் இயங்கும் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி, திருவழிபாட்டுப் பயிற்சிக்குத் திண்டிவனத்தில் உள்ள தமிழக விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம். எப்போது என்ன பயிற்சி என்று பங்குத்தந்தை வழியாக விசாரியுங்கள். பங்கிலிருந்து கடிதத்தோடு போனால் செலவில் ஒரு பகுதியைப் பேரவை ஏற்றுக்கொள்ளக் கூடும், வாய்விட்டுக் கேளுங்கள்.

கடைசியாகப் பதிப்புரிமை. உண்மையான சமயச் சடங்கின்போது ஒரு பாடலைப் பாடுவது உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. திருமணத்தையும் அது சேர்த்தே சொல்கிறது. ஆக, பூசையில் எந்தப் பாட்டைப் பாடவும் யாரிடமும் போக வேண்டாம். அதைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றுவது வேறு கணக்கு. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும் குருக்களும் ஆசிரியர்களும்தான். விசாரித்தால் போன் நம்பர் கிடைத்துவிடும். கேட்டு அனுமதி வாங்கி, அவர்கள் பெயரைப் போட்டு ஏற்றுங்கள். ஒத்திகைக்காகப் போனில் பதிந்ததைக் குழுவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.